துளையின் தந்தை

ஆவணப் பகிர்வு வாரியத்தில் ‘ஓட்டை’ என்ற சொல்லை யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாது. ஓட்டை என்பது வாளியில் விழுவது, கூரையில் விழுவது, அடுத்தவன் பேச்சில் விழுவது. வாரியத்தின் மென்பொருளில் விழுந்தால் அதற்குப் பெயர் துளை. இதைச் சுற்றறிக்கையாகவே அனுப்பியிருந்தார்கள். மறந்துபோய் ஓட்டை என்று சொல்லிவிட்ட ஒரு தட்டச்சர் அம்மாளை மாடிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த அம்மாள் அங்கே நிம்மதியாகத்தான் இருக்கிறாளாம்.

வாரியத்தின் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுவது நல்லது. நகரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட், குடிநீர் அலுவலகம் எல்லாவற்றின் கோப்புகளும் ஒரே இடத்தில், வாரியத்தின் பெரிய கணினிகளில் இருக்கின்றன. அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவரவர் கோப்பை எடுக்கலாம், வைக்கலாம். இதற்கான மென்பொருளுக்குப் ‘பொதுவறை’ என்று பெயர். ஒருவர் கோப்பு இன்னொருவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதற்காக வாரியத்தில் ஒரு துளைக் குழு அமைத்தார்கள். துளையைக் கண்டுபிடிப்பது அதன் கடமை. துளையைக் கண்டுபிடிக்க என்றே ஒரு குழு இருக்கும்போது, துளை இல்லாமல் போனால் அந்தக் குழு என்ன செய்யும்? தூண்டில் போட்டு உட்கார்ந்தவன் குளத்தில் மீன் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுவது தப்பில்லையே. அப்படித்தான் ஆரம்பித்தது.

நாளடைவில் துளைகளுக்கு மரியாதை வந்தது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு துளைக்கும் ஓர் எண், ஒரு பெயர், ஒரு சின்னம். ஆபத்தைப் பொறுத்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். கண்டுபிடித்தவரின் படம், துளையின் சின்னத்தோடு சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் ஏறும். பெரிய துளைக்காரர்களுக்கு ஏ.சி. அறை, சுழல் நாற்காலி. துளையே இல்லாத பிரிவுகளுக்கு ஓடாத ஃபேனும் ஆடுகிற நாற்காலியும்.

நம்முடைய ஆள் ஆடுகிற நாற்காலிக்காரர். பராமரிப்புப் பிரிவு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது; ஆனால் அலுவலகத்தில் அவர் தக்கை. எங்கே கசிவு கண்டாலும் யாரிடமும் மூச்சுவிடாமல் அப்போதே அடைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதைத் திறமை என்று அவர் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார். ஆண்டுக் கூட்டத்தில் துளைக் குழுத் தலைவர்தான் அவருடைய அறியாமையைப் போக்கினார்.

“பராமரிப்புப் பிரிவில் இந்த ஆண்டும் ஒரு துளைகூட இல்லை” என்றார் தலைவர், மைக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு. “நண்பர்களே, நான் யாரையும் குறை சொல்லவில்லை. உழைக்கிற கையில்தான் காய்ப்பு இருக்கும். ஓடுகிற செருப்பில்தான் தேய்மானம் இருக்கும். ஒரு பிரிவில் துளையே இல்லை என்றால் அங்கே என்ன நடக்கிறது என்ற கேள்வி எழத்தான் செய்யும்.”

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தக்கை தன் செருப்பைப் பார்த்தார்.

இதுகூட அவருக்குப் பெரிய வலி இல்லை. வலி வேறு இடத்தில் இருந்தது. அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், அதே வாரியத்தில் துளைக் குழுவில் இருந்தான். வரவேற்பறைச் சுவரில் மூன்று படம். முதல் துளைக்கு ஏ.சி. வந்தது, இரண்டாவது துளைக்குச் சுழல் நாற்காலி வந்தது, மூன்றாவது துளைக்கு வந்தவர்கள் உட்கார சோபா வந்தது. தக்கையைவிட வயதில் சின்னவன். வேலைக்குச் சேர்ந்ததும் பிந்தித்தான். ஆள் கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். நல்லவனாகவும் இருந்து தொலைத்தான். வழியில் பார்த்தால் நின்று பேசுவான், பிள்ளைகளுக்குப் பென்சில் வாங்கிக் கொடுப்பான். அவன் சிரிக்கும்போதெல்லாம் தக்கைக்கு அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டுவார்கள்.

மாமனார் வீட்டில் அந்த அடுப்புக்கு ஊதுகுழலும் உண்டு. மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். துளை என்றால் அவருக்குத் தெரிந்தது டிக்கெட்டில் போடுகிற துளைதான். ஆனாலும் சின்ன மாப்பிள்ளை பட்டயம் வாங்குகிற படத்தைக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருந்தார். சின்ன மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்பார். பெரிய மாப்பிள்ளை வந்தால், உட்கார இடம் தருவதற்காக செய்தித்தாளைக் கொஞ்சம் நகர்த்துவார்.

“உங்களுக்கு இன்னும் ஒண்ணுகூட அமையலையா மாப்பிள்ளை?” என்று ஒருநாள் தாழ்ந்த குரலில் கேட்டார். பிள்ளையில்லாத தம்பதியிடம் கேட்கிற அதே குரல்.

“பாத்துக்கிட்டு இருக்கேன் மாமா.”

“மனச விடாதீங்க. யார் யாருக்கோ அமையுது.”

இந்த நிலைமையில்தான் துளைத்துறை இயக்குநர் ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி வந்தது. அந்த நாற்காலி யாருக்கு என்பதற்கு வாரியத்தில் எழுதாத விதி ஒன்றுதான்: யாருடைய துளை பெரிதோ அவருக்கு. பராமரிப்புப் பிரிவும் இயக்குநருக்குக் கீழேதான் வரும். சகலை அதில் உட்கார்ந்தால், தக்கை அவன் மேஜைக்கு முன்னால் நின்று லீவு கேட்கவேண்டும். கைகட்டி நிற்கவேண்டும். ‘பிள்ளைக்கு உடம்பு சரியில்லை சார்’ என்று, தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியவனிடமே சொல்லவேண்டும். இதை நினைத்தால் தக்கைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

துளை தானாகவே தேடி வந்தது. ஒரு பள்ளிக்கூட எழுத்தர் போன் செய்தார். மாணவர் வருகைக் கோப்பைத் திறந்தால், பாதியில் யாருடையதோ ரத்தப் பரிசோதனை வரிகள் வந்து நிற்கின்றனவாம். தக்கை வழக்கம்போல உட்கார்ந்து நூல் பிடித்துக்கொண்டே போனார். முற்பகலுக்குள் முடிச்சு கையில் அகப்பட்டுவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். பொதுவறைக்குள் ஒருவர் நுழைந்தால், அவர் யார், எதையெல்லாம் பார்க்கலாம் என்ற விவரத்தைக் கணினி தன் நினைவகத்தில் ஓர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். அவர் வெளியேறியதும் அந்த இடத்தைக் காலி செய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். ஆனால் ஒரே ஆள் இரண்டு ஜன்னல்களில் நுழைந்து, ஒன்றில் மட்டும் வெளியேறினால்? கணினி இடத்தைக் காலி செய்துவிடுகிறது. இன்னொரு ஜன்னலுக்கு அது தெரியாது, பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. லாட்ஜில் அறையைக் காலி செய்துவிட்டுப் போனவர் பையில் இன்னொரு சாவி இருப்பதைப் போல. அடுத்து அந்த அறைக்கு யார் வந்தாலும், அவர் துணிமணியெல்லாம் இவர் கைக்கு எட்டும். வந்தவர் ஆஸ்பத்திரிக்காரராக இருந்தால், நோயாளிகளின் ரகசியமெல்லாம் பள்ளிக்கூடத்து மேஜையில் வந்து விழும்.

அடைக்க ஒரே ஒரு வரி போதும். காலி செய்வதற்கு முன்னால், உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிற வரி. தக்கை அந்த வரியை எழுதிவிட்டார். விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

அங்கேயே நின்றது. அடைத்துவிட்டால் இது துளை இல்லை. எண் இல்லை, சின்னம் இல்லை, சுவர் இல்லை. டீதான் உண்டு. பக்கத்துக் கட்டடத்தில் சகலையின் ஏ.சி. தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்பதுபோல் இருந்தது அவருக்கு. எழுதிய வரியை எழுத்தெழுத்தாக அழித்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கசிவைக் கசியவிட்டுவிட்டு எழுந்து போய், துளைக் குழுவின் கதவைத் தட்டினார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். அவள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறவள்.

“எங்க ரிப்போர்ட்டா? வெளிய தெரியுதா?”

“கொஞ்சம்தான். துண்டு துண்டாத்தான்.”

“அடைச்சுட்டீங்கல்ல?”

“அடைச்சுடலாம். முதல்ல அங்கீகாரம் ஆகணும்.”

“அடைச்சுட்டு அங்கீகாரம் வாங்குங்களேன்.”

“உனக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது” என்றார் தக்கை. அது உண்மைதான்.

துளைக் குழுத் தலைவர் தக்கையை எழுந்து வரவேற்றார். இதுவரை அவரை எழுந்து வரவேற்றவர்கள் பேருந்தில் இறங்கப்போகிறவர்கள் மட்டும்தான். தலைவர் முதல் வேலையாகப் பிறப்பித்த உத்தரவு, துளையை யாரும் தொடக்கூடாது என்பது. அங்கீகாரம் கிடைக்கும்வரை கண்ட நிலையிலேயே இருக்கவேண்டும். அனுமதியில்லாமல் அடைப்பவர் வேலையில் இருக்கமாட்டார். அந்தக் கணினி அறை வாசலில் கயிறு கட்டி ஒரு காவலரையும் நிறுத்தினார்கள். உள்ளே இருப்பது என்ன என்று காவலருக்குத் தெரியாது. யாராவது கேட்டால், “பெரிய துளையாம், பக்கத்துல போகாதீங்க, விழுந்துடுவீங்க” என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு பெயர் சூட்டும் துணைக்குழு கூடியது. ‘இரட்டைச் சாவி’ என்பது ஒரு கட்சி, ‘விட்ட குறை’ என்பது ஒரு கட்சி. சண்டை முற்றி, இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட பிறகு ‘இரட்டைச் சாவி’ நிலைத்தது. சின்னத்துக்கு ஓவியர் வந்தார். ஊதா நிறம் வேண்டாம், அது சகலையின் இரண்டாவது துளையின் நிறம் என்று தக்கை அடம்பிடித்தார். அரக்கு நிறத்தில் சாவி வரைந்தார்கள். தக்கை அதைக் கைப்பேசித் திரையில் வைத்துக்கொண்டார். குழந்தை படம் இருந்த இடம் அது.

மதிப்பெண்ணில்தான் சிக்கல் வந்தது. ஒன்பதுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. சகலையின் பெரிய துளை ஒன்பதைத் தாண்டியது. தக்கைக்கு முகம் செத்துப்போயிற்று.

தலைவர் அவர் தோளில் கைபோட்டார். “எதுக்கு மனசு உடையுறீங்க? இப்போதைக்குக் கசிஞ்சிருக்குறது கொஞ்சம்தான். அதான் மார்க் குறையுது. இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க. நல்லாக் கசியட்டும். பாதிப்புன்னு கண்ணுல காட்டினாதானே மேல போட முடியும்? பொறுத்தார் பூமி ஆள்வார்.”

தக்கை பொறுத்தார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் மார்க்கைப் பார்க்கிற தகப்பனைப்போல தினமும் புகார்களைப் பார்த்தார். கோர்ட்டிலிருந்து ஒரு விவாகரத்து மனு குடிநீர் அலுவலகத்தில் வந்து விழுந்தது, மதிப்பெண் ஏறியது. தேர்வுக் கேள்வித்தாள், தேர்வு எழுதப்போகிறவர்களின் கைக்கே போனது; இன்னும் ஏறியது. சகலையைத் தாண்டிய அன்றைக்கு தக்கை மாமனார் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார். விஷயம் கேட்டு மாமனார் எழுந்து நின்றார். முழங்கால் வலியோடு, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். அந்தக் காட்சிக்காக ஊரே கசிந்தாலும் தகும் என்று தக்கைக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவர் வெட்கப்படவும் இல்லை.

சகலையும் வந்திருந்தான். தக்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினான். “ரொம்ப சந்தோஷம் சகலை. எத்தனை வருஷமா உழைக்கிறீங்க, உங்களுக்குத்தான் வரணும்” என்றான். அதில் கள்ளம் இல்லை. அதுதான் தக்கைக்குப் பொறுக்கவில்லை. ஜெயித்த பிறகும் எரிகிறதே, இதென்ன வயிறு என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தோற்றவன் கொஞ்சம் வாடினால்தானே ஜெயித்தவனுக்கு மரியாதை?

வீட்டுக்குத் திரும்பினால் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“இன்னிக்கி லேபுக்கு ஒரு டீச்சர் வந்தாங்க. மார்ல கட்டின்னு டெஸ்ட் பண்ணிக்கிட்டவங்க. ரிப்போர்ட் அவங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்காரருக்கு அவங்க சொல்றதுக்குள்ள யாரோ போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. என் முன்னாடி வந்து உக்காந்து, ‘நீங்கதானே வெளிய சொன்னீங்க’ன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல? எங்க பெரிய டாக்டரும் என்னை ஒரு மாதிரி பாக்குறாரு.”

தக்கைக்கு நெஞ்சில் சுருக்கென்றது. சுருக்கென்ற இடத்திலேயே இன்னொரு எண்ணமும் எழுந்தது: இதைப் புகாராகப் பதிந்தால் பத்துக்குப் பத்து.

“இன்னும் கொஞ்ச நாள்தான்” என்றார்.

மனைவி அவரைப் பார்த்த பார்வையை விவரிக்கவேண்டாம். கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

அங்கீகாரத்துக்கு முன்னால் கடைசிச் சடங்கு ஒன்று பாக்கி இருந்தது. துளையின் பூர்வீகம் பார்ப்பது. அதாவது, அந்தத் தவறான பகுதியை முதன்முதலில் எழுதியவர் யார் என்று தேடுவது. பொதுவாக யாரும் மெனக்கெட மாட்டார்கள், ‘அறிய முடியவில்லை’ என்று முடித்துவிடுவார்கள். தக்கை மெனக்கெட்டார். பழைய மாற்றங்களைப் புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை எழுதியவன் சகலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சியில் இருந்தபோது எழுதியது.

தக்கைக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அதுதான். ஊரையே நாறடித்த துளைக்குக் காரணம் சகலை! நாற்காலி போவது மட்டுமல்ல, வேலையே போகும். மாமனார் கூடத்தில் ஆணி மட்டும் மிஞ்சும். பாவம் என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அந்தப் பாவத்தை ரசித்துக்கொண்டே குழுவின் முன்னால் போய் நின்றார். மனசே கேட்கவில்லை, ஆனாலும் உண்மையை மறைக்கக்கூடாதே என்ற முகத்தோடு விஷயத்தைச் சொன்னார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். எழுந்தார்.

“இத்தனை ஆண்டுகளாக நாம் ஒரு பெரும் பிழை செய்து வந்திருக்கிறோம்” என்றார், தழுதழுத்த குரலில். “கண்டவனைக் கொண்டாடினோம்; உண்டாக்கியவனை மறந்தோம். குழந்தையை முதலில் பார்த்த மருத்துவச்சிக்கு மாலை போட்டோம்; பெற்றவனை வாசலில் நிற்கவைத்தோம். கண்டுபிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். இவர் இல்லையென்றால் இன்னொருவர். ஆனால் இப்படி ஒரு துளையை, இத்தனை ஆண்டு ஒருவர் கண்ணிலும் படாத ஒரு துளையை, ஒரு பயிற்சிக் காலத்து இளைஞன் உண்டாக்கினான் என்றால், நண்பர்களே, அது தொழில் அல்ல, அது கொடை!”

கைதட்டல் எழுந்தது. சகலை திருதிருவென்று விழித்தான். “சார், அது தப்பாப் போயிடுச்சு சார், கவனிக்காம…” என்று ஆரம்பித்தான்.

“பார்த்தீர்களா அடக்கத்தை!” என்றார் தலைவர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் தக்கைக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. காதில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சகலைக்குத் ‘துளையின் தந்தை’ என்ற பட்டமும் இயக்குநர் நாற்காலியும் அங்கேயே முடிவாகின. தக்கைக்கு ‘கண்டவர்’ என்று ஒரு சான்றிதழ், சட்டம் போடாமல். அங்கீகார விழாவில் அமைச்சர் முன்னிலையில் துளையை இயக்கிக் காட்டுவது சகலை. மேடையில் திரையும் வயரும் இணைத்துக் கொடுப்பது தக்கை. சுவரில் அரக்குச் சாவிக்குப் பக்கத்தில் சகலையின் படத்தை மாட்டினார்கள். ஆணி அடிக்க ஸ்டூல் பிடித்தவரும் தக்கைதான், பராமரிப்புப் பிரிவு என்பதால்.

விழா அன்று காலை அவர் மேடைக்குக் கீழே குனிந்து வயர் இணைத்துக்கொண்டிருந்தார். மேலே ஒத்திகை. சகலை ஒரு பொத்தானைத் தட்டினால், வேறு ஏதோ ஓர் அலுவலகத்தின் கோப்பு பெரிய திரையில் விரியவேண்டும். அமைச்சர் ‘ஆ’ என்று வாய்பிளக்கவேண்டும். மாமனார் முன்வரிசையில், புதுச்சட்டையில். தக்கையைப் பார்த்து, “மாப்பிள்ளை, அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க” என்றார்.

தக்கை ஃபேனைத் திருப்பினார். பிறகு மேடைக்குப் பின்னால் போனார். அங்கிருந்த கணினியில் பொதுவறையைத் திறந்தார். அந்த ஒரு வரியை எழுதினார். இந்தத் தடவை விரல் நிற்கவில்லை. தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் அல்லவா? டீச்சரம்மாவை நினைத்து அடைத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்போது அவர் நினைப்பில் இருந்தது சகலையின் முகம் மட்டும்தான், மேடை நடுவில் அது எப்படி வெளுக்கும் என்பது மட்டும்தான்.

வெளுக்கவும் செய்தது. அமைச்சர் வந்து உட்கார்ந்ததும் சகலை பொத்தானைத் தட்டினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினான். ‘அனுமதி இல்லை’ என்று திரை சொன்னது. அமைச்சர் பாதி பிளந்த வாயை மூடிக்கொண்டார். தக்கை மேடையோரத்து இருட்டில் நின்று, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வயிறு ஜில்லென்று இருந்தது.

தலைவர் மைக்கை எடுத்தார். ஒரு கணம் திரையைப் பார்த்தார், ஒரு கணம் அமைச்சரைப் பார்த்தார்.

“மாண்புமிகு அமைச்சர் அவர்களே! துளை எங்கே என்று தேடுகிறீர்கள். அதுதான் இன்றைய நிகழ்ச்சி! உண்டாக்கியவரே, உங்கள் திருமுன், யாரும் அறியாமல், அதை அடைத்துக் காட்டியிருக்கிறார். ஆக்கவும் அவரே, அழிக்கவும் அவரே!”

கூடம் அதிர்ந்தது. அமைச்சர் எழுந்து நின்று கைதட்டினார். முன்வரிசையில் மாமனார் கண்ணைத் துடைத்தார். சகலை எங்கேயோ பார்த்துக்கொண்டு கும்பிட்டான். அடைத்தது நான் என்று கத்த தக்கைக்கு வாய்வரை வந்தது. அனுமதியில்லாமல் அடைத்தவர் வேலையில் இருக்கமாட்டார் என்பதும் கூடவே வந்தது. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். “ஏன் சார், உங்க சகலைதானே? கைதட்டுங்க!” தக்கை கைதட்டினார்.

வீட்டில் மனைவி பல நாள் கழித்துச் சிரித்த முகமாக இருந்தாள். “கசிவு நின்னுடுச்சாம், பெரிய டாக்டரே வந்து சொன்னாரு. சின்னவர்தான் அடைச்சாராமே? தங்கச்சி போன் பண்ணினா. நல்ல மனுஷங்க.”

“அடைச்சது நான்.”

“சரிங்க.”

“நெஜமா நான்தான். ஒரே ஒரு வரி.”

“சரிங்க, நீங்கதான். கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.”

காய்ச்சலில் உளறுகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னாள். தக்கை கை கழுவிவிட்டு வந்தார்.

சகலை இயக்குநர் அறையில் உட்கார்ந்த வாரமே கூப்பிட்டனுப்பினான். தக்கை போய் மேஜைக்கு முன்னால் நின்றார். சகலை பதறி எழுந்து, “ஐயோ, உக்காருங்க சகலை” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். கதவைச் சாத்தினான்.

“அடைச்சது நீங்கதான்னு எனக்குத் தெரியும்” என்றான். “வேற யாருக்கு ஒரே வரில அடைக்க வரும்? நான் யார்கிட்டயும் சொல்லலை.”

தக்கை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“இப்ப ஒரு தலைவலி. வெளியூர் வாரியத்துலேர்ந்து பெரிய குழு ஒண்ணு துளையைப் பாக்க வருது. பத்துக்குப் பத்து வாங்குன துளைன்னு பேரு பரவிடுச்சு. வந்து பாத்தா ஒண்ணுமில்லைன்னா வாரியத்துக்கே அசிங்கம்னு தலைவர் குதிக்கிறாரு. அந்த ஒரு வரிய எடுத்துடச் சொல்றாரு. நிரந்தரமா. பராமரிச்சு வெச்சுக்கலாமாம்.”

“முடியாது” என்றார் தக்கை. அவருக்கே வியப்பாக இருந்தது, அவ்வளவு சத்தமாக வந்தது. “என் வீட்டுக்காரி லேப் ரிப்போர்ட்டெல்லாம் அதுவழியாத்தான் போகுது. ஒரு டீச்சரம்மா வந்து அழுதுட்டுப் போயிருக்காங்க. விளையாட்டா இது?”

“அதையேதான் நானும் சொன்னேன் சகலை. எனக்கும் பிடிக்கலை.” சகலை நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “நீங்களும் முடியாதுன்னா நான் போய்ச் சொல்லிடுறேன், ரெண்டு பேரும் சேந்து சொன்னா ஒருவேளை விட்டுடுவாரு. மறுபடி திறக்குற விழாவ மட்டும் நிறுத்தணும். கல்வெட்டு வேற அடிக்கக் கொடுத்துட்டாங்க. துளையை மீண்டும் திறந்து வைத்தவர்னு போட்டு, கீழ பேரு. எம் பேரைத்தான் போடச் சொன்னாங்க. நான்தான், எனக்கு எதுக்கு இன்னொண்ணு, அவரு பேரைப் போடுங்கன்னு உங்க பேரைக் கொடுத்திருந்தேன். அதை வேணாம்னு சொல்லிடலாம்.”

தொலைபேசியை எடுக்கப் போனான்.

தக்கை அந்தக் கையைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

“கல்வெட்டுல உங்க பேரும் வருதா?”

“துளையின் தந்தைன்னு ஒரு ஓரமா வரும் சகலை. ஏன்?”

“இல்ல, சும்மாதான் கேக்குறேன்” என்றார் தக்கை. “எம் பேரு உங்க பேருக்கு மேல வருமா, கீழ வருமா?”